கண்ணாடிக்காரரின் வயிற்றெரிச்சல்

எதிர்ச்சாரியில் தம்பி தனிக்கடை போட்ட மாதத்தில்தான் கண்ணாடிக்காரருக்கு நெஞ்சுக்குழிக்குக் கீழே எரிய ஆரம்பித்தது. அதுவரை இருவரும் பதினெட்டு வருடம் ஒரே மேஜையில் கண்ணாடி வெட்டியவர்கள்.

வயிறு எரிகிறது என்று அவர் சொன்ன முதல் நாளே, மனைவி எதிர்க்கடையைப் பார்த்துக்கொண்டு, "எரியாம என்ன செய்யும்?" என்றாள். தெருவுக்கும் அது வேடிக்கைப் பேச்சாயிற்று. அவர் பால் வாங்கிக் குடித்தால், தம்பிக்கு இன்றைக்கு நல்ல வியாபாரம் என்பார்கள்.

அவரும் நம்பினார். பொறாமையைக் கரைக்க, வந்த வேலையில் பாதியைத் தம்பியிடம் அனுப்பிப் பார்த்தார். எரிச்சல் குறையவில்லை. மனது இன்னும் சுத்தமாகவில்லை என்று எடுத்துக்கொண்டார். பெரிய நிலைக்கண்ணாடி வெட்டத் தம்பி கூப்பிட்டபோதெல்லாம் சாக்குச் சொன்னார். எரிகிற வயிற்றோடு அந்தக் கடையில் கை வைத்தால் விளங்காது என்று பயம். இப்படி ஆறு வருடம்.

ஒரு நாள் காலையில் மலம் தார் மாதிரிக் கறுப்பாகப் போனது. யாரிடமும் சொல்லவில்லை. மதியம் மேஜையருகே தலைசுற்றி விழுந்தார். சாலையைத் தாண்டி ஓடிவந்து தூக்கியது தம்பிதான்.

ஆஸ்பத்திரியில் வாய்வழியே குழாய் விட்டுப் பார்த்தார்கள். சிறுகுடலின் தொடக்கத்தில் புண், அதிலிருந்து ரத்தக் கசிவு. காரணம் இரைப்பையில் குடியிருக்கும் ஒரு கிருமி என்றார் டாக்டரம்மா. உலகத்தில் ஏறக்குறையப் பாதிப்பேர் வயிற்றில் அது உண்டாம். பெரும்பாலோரை ஒன்றும் செய்யாது. சிலருக்குப் புண் வரும், வெகு சிலருக்குப் பல வருடம் கழித்துப் புற்றுநோய்.

அவர் கேட்டது ஒன்றுதான். "இது எப்ப வந்திருக்கும்?"

"அனேகமா சின்ன வயசுலயே. வீட்டுக்குள்ளயே ஒருத்தர்கிட்டேருந்து ஒருத்தருக்கு ஒட்டிக்கும்."

கால்மாட்டில் நின்ற தம்பி தனக்கும் இருக்குமா என்று கேட்டான். இருக்கலாம், பரிசோதித்துக்கொள்ளுங்கள் என்று சொல்லிவிட்டு அடுத்த கட்டிலுக்குப் போனார் டாக்டரம்மா.

"நீ கடை போடறதுக்கு ரொம்ப முன்னாடியே இருந்திருக்குடா" என்றார் அவர். "நான் உன்மேல பொறாமைன்னு நெனச்சிட்டிருந்தேன்."

"நானும் அப்படித்தான்ணே நெனச்சேன்."

பதினான்கு நாள் வேளைக்கு ஒரு கை மாத்திரை. நாக்கெல்லாம் இரும்பு ருசி. ஒன்றையும் விடவில்லை. இரண்டு மாதம் கழித்து ஒரு பையில் மூச்சை ஊதச் சொன்னார்கள். கிருமி போயிருந்தது.

அந்த வாரம் நிலைக்கண்ணாடி வெட்டத் தம்பி மறுபடி கூப்பிட்டான். பக்கத்துக் கடையையும் எடுத்து, நடுச்சுவரை இடித்திருந்தான். இவர் கடையைப்போல மூன்று மடங்கு இடம். சுற்றிப் பார்த்தார். கை தானாக வயிற்றுக்குப் போனது.

"என்னண்ணே, எரியுதா?"

வயிற்றிலிருந்து கையை எடுத்தார்.

"லேசா. ஆனா வயித்துல இல்ல."

"அப்ப சரி. கோடு போடுங்க."

வெட்டுச் சக்கரத்தை மண்ணெண்ணெயில் தொட்டு, அளவுகோலை ஒட்டிக் கையெடுக்காமல் இழுத்தார். கண்ணாடியை மேஜை விளிம்புக்கு நகர்த்தி இருவரும் ஆளுக்கொரு பக்கம் பிடித்து அமுக்கினார்கள். கோட்டோடு பிரிந்தது.