குடிகாரன் முகம்

கண்ணாடிக் கடையில் வேலை பார்ப்பவனுக்குத் தன் முகத்திடமிருந்து தப்பிக்க வழியில்லை. தென்காசியில் நான் வேலை செய்யும் கடையில் மூன்று சுவர்களிலும் ஆளுயரக் கண்ணாடிகள் இருக்கின்றன. வருகிறவர்கள் மூக்குக்கண்ணாடி பிரேமை மாட்டிக்கொண்டு இப்படியும் அப்படியும் திரும்பிப் பார்ப்பார்கள், நான் அவர்களுக்குப் பின்னால் நிற்பேன். ஒருநாள் வாடிக்கையாளர் ஒருவரின் தோளுக்கு மேல் தெரிந்த உப்பிய முகத்தைப் பார்த்து, யாரோ புதிதாக வந்திருக்கிறார் என்று நினைத்து, “வாங்க, உக்காருங்க” என்று சொல்ல வாயெடுத்துவிட்டேன். அது நான்தான்.

எனக்கு க்ரோன்ஸ் என்ற நோய். உடம்பின் எதிர்ப்புச் சக்தி சொந்தக் குடலையே பகையாக நினைத்துத் தாக்குகிறது என்று திருநெல்வேலியில் டாக்டர் தாளில் படம் வரைந்து விளக்கினார். அதற்குள் நான் பாதி ஆளாகியிருந்தேன். கழிப்பறைக்கு ஓடி ஓடி, ரத்தம் போய், கடைக்கு லீவு சொல்லச் சொல்ல முதலாளிக்கே சலித்துப்போயிருந்தது. டாக்டர் ஸ்டீராய்டு மாத்திரை எழுதிக் கொடுத்தார். முகம் வீங்கும், பசி எடுக்கும், தூக்கம் குறையும், கோபம் வரும் என்றார். நாமாக நிறுத்திவிடக் கூடாது, அது ஆபத்து, கொஞ்சம் கொஞ்சமாகத்தான் குறைக்க வேண்டும் என்பதை மட்டும் இரண்டு தடவை சொன்னார்.

வயிற்று வலி ஒரு வாரத்தில் அடங்கிவிட்டது. எனக்கு அழுகையே வந்தது, அவ்வளவு நிம்மதி. அதற்குப் பிறகுதான் மற்றதெல்லாம் வந்தது. கன்னங்கள் பந்து போல உருண்டு சிவந்தன. கண்கள் உள்ளே போயின. பிடரியில் சதை திரண்டது. சட்டைக்குள், வயிற்றிலும் இடுப்பிலும், யாரோ நகத்தால் பிறாண்டியது மாதிரி ஊதா நிறத்தில் கோடு கோடாகத் தோல் விரிந்தது. கை நடுங்கியது. கண்ணாடி பிரேமின் சின்னத் திருகாணியை என்னால் முடுக்க முடியவில்லை. அது குழியை விட்டு நழுவிக்கொண்டே இருக்கும், எதிரே உட்கார்ந்திருப்பவர் என் விரல்களையே பார்த்துக்கொண்டிருப்பார். முதலாளி என்னைத் திருகாணி மேசையிலிருந்து கல்லாப் பக்கம் மாற்றினார்.

ஒருநாள் ஒரு பெரியவருக்குக் காதோரம் பிரேமைச் சரிசெய்ய நான் குனிந்தபோது, அவர் மூச்சை இழுத்து என் வாயை மோந்து பார்த்தார். பகல் பதினொரு மணி இருக்கும். அப்போதும் எனக்கு விளங்கவில்லை.

தங்கச்சிக்குப் பக்கத்து ஊரான கடையத்திலிருந்து சம்பந்தம் வந்தபோதுதான் விளங்கியது. அம்மா போன பிறகு வீட்டில் நாங்கள் மூன்று பேர்தான், அப்பா, தங்கச்சி, நான். தங்கச்சி ஒரு தனியார் பள்ளியில் டீச்சர். மாப்பிள்ளை கடையத்தில் மோட்டார் பம்பு பழுதுபார்க்கும் கடை வைத்திருந்தார். ஜாதகம் பொருந்திவிட்டது. வழக்கம்போல அவர்கள் எங்கள் தெருவில் விசாரித்திருக்கிறார்கள். அடுத்த நாள் தரகர் வந்து அப்பா எதிரே உட்கார்ந்து இழுத்து இழுத்துப் பேசினார். நான் உள் அறையில் இருந்தேன்.

“அண்ணாச்சி, தப்பா நெனைக்கப்படாது. ஒங்க மூத்தவரு குடிக்காருன்னு பேச்சு வருது. மூஞ்சியப் பாத்தாலே தெரியுதுன்னு சொல்லுதாவ. அவங்க மாமா கேக்காரு.”

அப்பா இப்போது சொல்லிவிடுவார், என் மருத்துவச் சீட்டையெல்லாம் எடுத்துக் காட்டிவிடுவார் என்று நான் காத்திருந்தேன்.

“ஆமா, கொஞ்சம் பழக்கம் உண்டு” என்றார் அப்பா. “கல்யாணத்துக்குள்ள நிப்பாட்டிருவான்.”

தரகர் போனதும் நான் வெளியே வந்தேன். என் வாழ்நாளில் சாராயத்தை நான் தொட்டதில்லை. அது அப்பாவுக்குத் தெரியும்.

“என்னப்பா இப்பிடிச் சொல்லிட்டிய?”

“பொறவு என்ன சொல்லச் சொல்லுத?” அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை. “குடின்னா நிறுத்திரலாம்னு நெனைப்பாவ. எந்த வீட்லலே குடிகாரன் இல்ல? குடல்ல தீராத நோவுன்னு சொல்லு பாப்போம். ரத்தத்துல வாரதா, பொண்ணுக்கும் வருமா, நாளைக்குப் பொறக்க பிள்ளைக்கும் வருமான்னு கேப்பாவ. நீ என்ன பதில் சொல்லுவ?”

அந்தக் கேள்வியை நானே டாக்டரிடம் கேட்டிருந்தேன். ரத்த உறவுக்கு வாய்ப்பு கொஞ்சம் கூடுதல்தான், ஆனால் பெரும்பாலோருக்கு வருவதில்லை என்று சொல்லியிருந்தார். இதைத் தரகரிடம் சொன்னால் எந்தப் பாதி கடையம் போய்ச் சேரும் என்பது எனக்குத் தெரியும். ஆகவே நான் குடிகாரன் ஆனேன். அவமானத்தில் ஒரு பகுதி என்னவென்றால், எனக்கும் அது கொஞ்சம் சௌகரியமாக இருந்தது. ஒரு நாளைக்கு எத்தனை தடவை போகிறாய் என்று குடிகாரனிடம் யாரும் கேட்பதில்லை.

நிச்சயதார்த்தத்தை ஆடி பிறப்பதற்குள் வைத்தார்கள். முந்தின நாள் மத்தியானம் நடந்ததைச் சொல்ல எனக்கு இன்றும் கூசுகிறது. மாப்பிள்ளை வீட்டாருக்கென்று தங்கச்சி மைசூர்பாகும் மிக்சரும் வாங்கி அடுக்களை அலமாரியில் வைத்திருந்தாள். ஸ்டீராய்டு பசி வயிற்றில் எடுக்கும் பசி இல்லை. உடம்பு முழுவதும் வாயாகிவிடும். சாப்பிட்டு எழுந்த கையோடு ஒரு துண்டு எடுத்தேன். பிறகு நின்றவாக்கிலேயே தின்றுகொண்டிருந்தேன். தங்கச்சி பள்ளியிலிருந்து வந்து அடுக்களை வாசலில் நின்றபோது பெட்டி காலி. என் சட்டையெல்லாம் தூள். முப்பது வயது தாண்டியவன், கையில் மிக்சர் பொட்டலத்தோடு அவள் முன்னால் நின்றேன்.

அவள் பையைக் கீழே வைக்கவில்லை. “செருப்பு போட்டுதான் நிக்கேன், அப்படியே போயி வாங்கிட்டு வந்துருதேன்” என்று சொல்லித் திரும்பி நடந்தாள். திட்டியிருந்தால் நான் பதிலுக்குக் கத்தியிருப்பேன். அந்த நாட்களில் எல்லாவற்றுக்கும் கத்திக்கொண்டிருந்தேன். கத்துவதற்கும் ஒன்றும் கிடைக்கவில்லை.

நிச்சயம் நல்லபடியாக நடந்தது. சாப்பாடு முடிந்ததும், சீசன் நேரத்தில் தென்காசி வரை வந்துவிட்டுக் குளிக்காமல் போவதா என்று ஆண்கள் மட்டும் வேனில் குற்றாலம் கிளம்பினார்கள். அப்பா என்னைக் கண்ணால் தள்ளினார். போகாவிட்டால் மரியாதை இல்லை.

சாரல் விழுந்துகொண்டிருந்தது. அருவிக்குப் போகும் வழியில் போலீஸ்காரர்கள் பைகளைத் திறந்து பாட்டில் இருக்கிறதா என்று பார்த்தார்கள். மாப்பிள்ளையின் மாமா சிரித்துக்கொண்டே, “எங்க சம்பந்தகாரப் பையன நல்லாப் பாருங்க சார், அவருகிட்டதான் இருக்கும்” என்றார். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். போலீஸ்காரர் என் முகத்தை ஒருமுறை பார்த்துவிட்டு என் பையைக் கடைசி வரை துழாவினார். அதில் துண்டும் மாத்திரை அட்டையும்தான் இருந்தன.

எண்ணெய் வாசனை, ஈரக் கால்கள், விசில் சத்தம். எல்லோரும் சட்டையைக் கழற்றிவிட்டு வரிசையில் நின்றார்கள்.

“சட்டையக் கழத்துங்க மச்சான்” என்றார் மாப்பிள்ளை.

“குளிருதுல்லா, இருக்கட்டும்.”

சட்டையோடு அருவிக்குள் போனேன். நிச்சயத்துக்கென்று எடுத்த வெள்ளைச் சட்டை. தண்ணீர் தலையில் விழுந்த கணத்தில் அது உடம்போடு ஒட்டிக் கண்ணாடி போல ஆகிவிட்டது. வெளியே வந்தபோது ஊதாக் கோடுகள் ஒவ்வொன்றும் தெரிந்தன. துடைத்துக்கொண்டிருந்த யாரோ ஒருவர் பக்கத்திலிருந்தவரிடம், “அங்கன பாருலே, பிள்ள பெத்த வயிறு மாரி இருக்கு” என்றார். மெதுவாகச் சொல்வதாக நினைத்துக்கொண்டிருக்க வேண்டும். அருவிச் சத்தத்தில் அங்கே எல்லோரும் கத்தித்தான் பேசுவார்கள்.

நான் இரண்டு கைகளாலும் வயிற்றை மறைத்தேன். அவ்வளவு பெரிய கூட்டத்தில் எங்கே திரும்பினாலும் யாரோ ஒருவருடைய கண் இருந்தது. மாப்பிள்ளை தன் துண்டை எடுத்து என் தோளில் போட்டு முன்பக்கம் இழுத்து மூடினார். என் கையைப் பிடித்து ஒரு பழக்கடைக்குப் பின்னால் கூட்டிப்போனார். மாமா எங்களைப் பார்த்துவிட்டு, பின்னால் குடிக்க ஏதோ ஏற்பாடு என்று நினைத்து, “அளவா மாப்ள, அளவா!” என்று குரல் கொடுத்தார்.

“அவரு கெடக்காரு” என்றார் மாப்பிள்ளை. பிறகு என்னைப் பார்க்காமல், பழக்கடையின் தார்ப்பாயைப் பார்த்துக்கொண்டு கேட்டார். “இப்ப எத்தன மில்லிகிராம் போடுதிய?”

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது.

“ஒங்க தங்கச்சி மொத நாள் போன்லயே சொல்லிட்டா. இந்த நோவு அண்ணனுக்கு இருக்கு, எனக்கும் வரலாம், வராமயும் இருக்கலாம், இப்பவே யோசிச்சுக்கோங்கன்னா. நான் ரெண்டு நாள் யோசிச்சேன். பொய் சொல்லப்படாது, ரெண்டு நாள் யோசிச்சேன்.”

“பொறவு?”

“பொறவு என்ன, நிச்சயத்துக்கு வந்துட்டேம்லா.”

“ஒங்க மாமாவுக்கு?”

“தெரியாது. ஒங்க அப்பா குடின்னு சொல்லி வச்சிருக்காவ. அவங்க சொன்னத நான் எப்பிடி இல்லன்னு சொல்ல?”

நன்றி சொல்லியிருக்க வேண்டும். எனக்கு வந்தது அதைவிட மோசமான வெட்கம். அத்தனை நாளும் நான் ஆடிய நாடகத்தை இவர் தெரிந்துகொண்டே பார்த்திருக்கிறார். நான் போலீஸ்காரர் முன்னால் சிரித்த சிரிப்பையும் பார்த்திருக்கிறார். மிக்சர் விஷயமும் அவள் சொல்லியிருப்பாளோ என்றுகூட நினைத்தேன். “இருவதுக்கு வந்துருக்கு. அடுத்த மாசம் இன்னும் கொறைப்பாவ” என்று மட்டும் சொன்னேன். அவர் தன் காய்ந்த சட்டையை எனக்குக் கொடுத்துவிட்டு, என்னுடைய ஈரச் சட்டையைப் பிழிந்து அவர் போட்டுக்கொண்டார். அவருக்கு அது தொளதொளவென்று இருந்தது. அவருடையதில் எனக்குப் பித்தான் எட்டவில்லை. அப்படியே வேனில் ஏறினோம்.

கல்யாணம் ஆவணியில் நடந்தது. டாக்டர் ஸ்டீராய்டைப் படிப்படியாகக் குறைத்து வேறு மருந்துக்கு மாற்றினார். முகம் மெதுவாக வற்றியது. கை நடுக்கம் போய், திருகாணி மேசை திரும்பக் கிடைத்தது. கோடுகள் மட்டும் வெளுத்து அப்படியே நின்றுவிட்டன. ஊரில் எல்லோரும் என்னைப் பாராட்டத் தொடங்கினார்கள். டீக்கடையில், பேருந்து நிலையத்தில், கோயில் வாசலில், “நிப்பாட்டிட்டியளாமே, நல்ல காரியம்” என்று முதுகில் தட்டினார்கள். அப்பா பக்கத்தில் இருந்தால் தலையை ஆட்டிக்கொள்வார். நானும் தலையாட்டி வைத்தேன்.

ஒருநாள் கடையில் கூட்டமில்லாத நேரம், அச்சன்புதூரிலிருந்து ஒரு அக்கா வந்தார். பிரேம் எதையும் பார்க்கவில்லை. பையை நெஞ்சோடு பிடித்துக்கொண்டு, தன் வீட்டுக்காரர் பற்றிச் சொன்னார். வயலுக்கு ஒழுங்காகப் போவதில்லை, வாங்குகிற கூலியெல்லாம் டாஸ்மாக் கடைக்குத்தான் என்றார். “நீங்க எப்பிடித் தம்பி விட்டிய? எந்த ஆஸ்பத்திரி? மாத்திரை எதுவும் குடுத்தாவளா?”

அந்த முகத்துக்கு முன்னால் என்னால் தலையாட்ட முடியவில்லை.

“அக்கா, நான் குடிச்சதே இல்ல. எனக்குக் குடல்ல நோவு. மாத்திரையில மூஞ்சி வீங்கிட்டு. மாத்திரை கொறைஞ்சதும் வத்திட்டு. அவ்வளவுதான்.”

சுவரெல்லாம் கண்ணாடி. அவர் நம்பாமல் என்னைப் பார்ப்பதை எல்லாப் பக்கமும் பார்த்தேன். “சொல்ல இஷ்டமில்லைன்னா பரவாயில்ல தம்பி” என்று சொல்லி, படியிறங்கிப் பஸ் ஸ்டாண்டு பக்கமாக நடந்துபோனார்.