வெள்ளைக் களிமண்

எர்சிலியாவுக்கு ஓரிடத்தில் உட்காரத் தெரியாது. இத்தாலிய மலையூரான ரோக்காசெராவில் எல்லோருமே காபியை நின்றுதான் குடிப்பார்கள். இவள் நடந்துகொண்டே குடிப்பாள்.

டிரஃபிள் தோண்டுவதுதான் அவள் பிழைப்பு. மண்ணுக்கடியில் விளையும் அந்தக் காளானை நாய் மோந்து காட்டிவிடும். விளையும் இடத்தைத்தான் ஒருவர் இன்னொருவருக்குக் காட்டமாட்டார்கள். எர்சிலியாவுக்கு ஓடைச் சரிவில் ஓர் ஓக் மரத்தடி இருந்தது. அதற்காக, நாயோடு கிளம்பும்போதும் சர்ச்சுக்குப் போவதாக முப்பது வருஷம் வாய் கூசாமல் பொய் சொன்னாள். ஊரின் வடக்கு வாசலில் கிளம்பி, மலையைச் சுற்றித் தெற்கே இறங்குவாள். கட்டின புருஷன் ஒட்டாவியோ, "எனக்காவது சொல்லேண்டி" என்று கேட்டுக் கேட்டு ஓய்ந்தான். ஆறு வருஷத்துக்கு முன் சாகக் கிடந்தபோது அவன் கேட்கவே இல்லை. அது அவளுக்கு இன்னும் உறுத்தல்தான்.

அந்த நவம்பர் சனிக்கிழமை, முஷ்டி அளவுக்கு ஒன்று கிடைத்தது. டிரஃபிள் வாங்கும் வியாபாரி கிளம்பிவிடுவானே என்ற பதற்றத்தில் காபிக்கடைக்கு ஓடிவந்தாள். உள்ளே வந்த பிறகுதான் குனிந்து பார்த்தாள். ஊர் வாசல் குழாயில் பூட்ஸைக் கழுவ மறந்திருந்தாள். கணுக்கால் வரை வெள்ளைக் களிமண். சுற்றுவட்டாரம் முழுக்கச் செம்மண். வெள்ளை மண் அந்த ஒரே சரிவில்தான். கடையில் இருந்தவர்கள் அத்தனை பேரும் தோண்டுகிறவர்கள்.

அவளைப் போலவே தோண்டுகிற நேவியோ நேராக அவளிடம் வந்தான்.

"என்ன எர்சிலியா, இன்னைக்கும் சர்ச்சுக்குத்தானா? நாய்க்கு ஞானஸ்நானமா?"

கடை சிரித்தது. அந்தச் சிரிப்புக்கிடையே அவன் அவள் கால்களை மறைத்து நின்றுகொண்டு, ஒரு கந்தல் துணியை நீட்டினான்.

"சீக்கிரம் துடை. மத்தவனுங்க பாக்கப்போறானுங்க."

"உனக்கு... தெரியுமா?"

"ஆறு வருஷமா."

"தோண்டினியாடா?"

"தோண்டியிருந்தா உனக்கு மிஞ்சியிருக்குமா? காட்டினதே உன் புருஷன்தான். ஒருநாள் உன் பின்னாலயே வந்து பார்த்திருக்கான். 'தனியா போறா, விழுந்து கிடந்தா எங்க தேடறதுன்னு ஒருத்தனுக்காவது தெரியணும்'னான். தோண்டமாட்டேன்னு சத்தியமும் வாங்கிட்டான்."

எர்சிலியா நாற்காலியை இழுத்து உட்கார்ந்தாள். துணி மடியிலேயே கிடந்தது.

"தெரியும்னு என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமேடா அந்தப் பாவி."

"சொன்னா நீ அன்னைக்கே வேற மரம் தேடிப் போயிடுவேன்னு பயந்தான்" என்றான் நேவியோ.