ஆத்தாயி முன்னால், அர்த்தநாரி பின்னால்

திருச்செங்கோட்டில் கேட்டால், ஆத்தாயி ஊர்க்கவுண்டரைக் காவிரியில் பிடித்துத் தள்ளிவிட்டாள் என்பார்கள். வெண்ணந்தூர் போய்ச் சேர்வதற்குள் தள்ளியது உதைத்ததாகிவிடும். சங்ககிரி ரயிலடிக் காப்பிக் கடையில் கதை இன்னும் கொஞ்சம் சதை போட்டிருக்கும். கவுண்டர் மூன்று தரம் மூழ்கி எழுந்தாராம், நான்காவது தரம் அவளே மனமிரங்கித் தலைமயிரைப் பிடித்து மேலே இழுத்தாளாம். கவுண்டர் தலையில் பிடிப்பதற்கு மயிரே கிடையாது என்பது அங்கே யாருக்கும் தெரியாது.

விசாரித்ததில் தெரிவது இதுதான். சம்பவம் நடந்தது முப்பத்தெட்டாம் வருடம் புரட்டாசியில், பள்ளிபாளையத்துக்குத் தெற்கே மூன்று மைல் தள்ளியிருக்கும் பரிசல் துறைக்கு எதிரே. அன்று அக்கரைச் சந்தைக்குப் போகக் கரையில் காத்திருந்தவர்கள் எண்பது பேராவது இருப்பார்கள். கவுண்டர் தண்ணீரில் உட்கார்ந்தது மெய். ஆனால் அந்த நேரத்தில் அவருக்கும் ஆத்தாயிக்கும் நடுவே பதினைந்தடி தூரம் இருந்தது. அவ்வளவு நீளக் கை அவளுக்கு இல்லை.

அவளுக்கு இருந்தது வேறு. திருச்செங்கோட்டுக்குக் கிழக்கே, மழை வந்தால் மட்டும் தண்ணீர் பார்க்கிற மேட்டாங்காட்டில் பிறந்தவள். அப்பனுக்கு ஆண்பிள்ளை இல்லாததால் பன்னிரண்டு வயதிலேயே மாட்டுவண்டி ஓட்டினாள். கல்யாணமானதும் அந்த மாட்டுக் கயிறு கையை விட்டுப் போயிற்று. ஆற்றங்கரை ஊரில் எட்டு ஏக்கர் வைத்திருந்த அர்த்தநாரிக்கு வாழ்க்கைப்பட்டு, எல்லாப் பெண்களையும் போலப் புருசனுக்குப் பத்தடி பின்னால் நடக்க ஆரம்பித்தாள். சந்தைக்கு, கோயிலுக்கு, எழவுக்கு, கல்யாணத்துக்கு. முப்பது வருடத்தில் அவள் பார்த்த வெளியுலகத்தில் பாதி அர்த்தநாரியின் முதுகுதான். குழந்தை கிடையாது. அதனாலும் ஊர் விசேஷங்களில் பின்வரிசைதான் கிடைத்தது.

முப்பத்தொன்றாம் வருடம் ஒரு நில வழக்குக்காக அர்த்தநாரி பட்டணம் போனபோது அவளையும் கூட்டிப்போனார். வக்கீல் இரண்டு நாள் கழித்து வரச் சொல்லிவிட்டார். இருவரும் கடலோரமாக ஓடுகிற கால்வாய்க்கரையில் நடந்து போனார்கள்; அவர் முன்னால், அவள் பின்னால். அப்போது வெள்ளைப் பூச்சுப் பூசிய மோட்டார் படகு ஒன்று தண்ணீரைக் கிழித்துக்கொண்டு வந்தது. பின்னால் ஒரு துரை. முன்னால் தொப்பி போட்ட துரைசாணி, மடியில் ஒரு நாய்க்குட்டி.

கரையில் வலை உலர்த்திக்கொண்டிருந்தவரை ஆத்தாயி கேட்டாள்.

"அவிய எங்கீங்க போறாங்க?"

"எங்கயும் இல்லம்மா. சும்மா போவாங்க, வருவாங்க."

"யாவாரமுங்களா?"

"அதான் சும்மான்னேனே."

"கோயிலுக்கா?"

அவர் வலையை எடுத்துக்கொண்டு தள்ளிப் போய்விட்டார்.

ஊர் திரும்பும் ரயிலில், காட்பாடி தாண்டியதும் ஆத்தாயி வாய் திறந்தாள். "ஏனுங்க, நாம என்னிக்காச்சும் சும்மா எங்கியாச்சும் போயிருக்கறமா?"

அர்த்தநாரி அவசரப்பட்டுப் பதில் சொல்கிறவரல்ல. சேலம் வந்ததும் சொன்னார். "இல்லை."

மேட்டூரில் அணை வேலை முடிந்தபோது, மேற்பார்வைக்காரர்கள் புழங்கிய சில்லறைச் சாமான்களை ஏலம் விட்டார்கள். அதில் பதினெட்டடி நீளத்தில் ஒரு மோட்டார் படகு. திருப்புகிற சக்கரத்தை யாரோ கழற்றிக்கொண்டு போயிருந்தார்கள், இஞ்சின் இருமியது. அர்த்தநாரிக்கு இருமுகிற இஞ்சின் என்றால் உயிர். அந்தப் பக்கத்தில் முதன்முதலாகக் கிணற்றுக்கு ஆயில் இஞ்சின் வைத்தவர் அவர். இஞ்சின் வந்ததால் வேலையில்லாமல் நின்ற, கிணற்றில் கவலை இறைத்த மாட்டு ஜோடி ஒன்றை விற்றுப் படகை வாங்கினார். இரண்டு வண்டிகளைச் சேர்த்துக் கட்டி அதன்மேல் படகை ஏற்றிக் கொண்டுவந்தபோது, வழியில் ஒரு ஊரில் தேர் என்று நினைத்துக் கற்பூரம் கொளுத்தினார்கள். ஆத்தாயி இறங்கிப்போய் விபூதி கொடுத்தாள் என்பது மட்டும் கலப்படம்.

முதல் நாள் வழக்கப்படி அர்த்தநாரி முன்னால் உட்கார்ந்தார், அவள் பின்னால். ஆனால் இஞ்சினும் பின்னால்தான் இருந்தது. அது எப்போது கோபித்துக்கொள்ளும், எப்போது தடவிக்கொடுக்க வேண்டும் என்பது அர்த்தநாரிக்குத்தான் தெரியும். அவரும் பின்னால் போனார். படகு மூக்கை வானத்துக்குத் தூக்கிக்கொண்டது. ஆத்தாயி எழுந்து முன்னால் வந்தாள். மூக்கு இறங்கியது. அவ்வளவுதான் நடந்தது, பெண்ணுரிமைக் கூட்டம் எதுவும் நடக்கவில்லை.

சக்கரம் இல்லாத குறைக்கு, சுக்கானின் தலையில் குறுக்குக் கட்டை ஒன்று வைத்து, அதன் இரு முனையிலும் வண்டிமாட்டுப் பிடிகயிறு இரண்டைக் கட்டி முன்னால் வரை இழுத்துவிட்டார் அர்த்தநாரி. இடது கயிற்றை இழுத்தால் இடப்பக்கம், வலது கயிற்றை இழுத்தால் வலப்பக்கம். முப்பது வருடத்துக்கு முன்னால் விட்டுப்போன கயிறு ஆத்தாயியின் கைக்குத் திரும்பி வந்தது. எதிரே முதுகு இல்லை. ஆறு முழுவதும் தெரிந்தது.

பொழுது சாயும் நேரங்களில் இருவரும் ஆற்றில் போய்விட்டு வருவார்கள். கரையில் நிற்பவர்கள் எங்கே என்று கேட்பார்கள். "சும்மா" என்பாள் ஆத்தாயி. நாலு கடலைக்காய் மூட்டையை ஏற்றிக்கொண்டு போயிருந்தால் ஊர் பேசாமல் இருந்திருக்கும். வேலை இல்லாமல், வேண்டுதல் இல்லாமல், புருசனும் பெண்டாட்டியும் சேர்ந்து சந்தோசமாக இருப்பதை எந்தக் கணக்கில் வைப்பது என்று ஊருக்குத் தெரியவில்லை. அதிலும் பொம்பளை முன்னால்.

மூன்று வருடம் முணுமுணுத்த ஊர், நாலாம் வருடம் வாயைத் திறந்தது. அப்போது புரட்டாசி; ஐப்பசியில் மாரியம்மன் நோம்பித் திருவிழா. வீட்டுக்கு ஒன்றேகால் ரூபாய் வரி. அர்த்தநாரியின் வரியை ஊர்க்கவுண்டர் சின்னுசாமி திருப்பி அனுப்பிவிட்டார். வரி வாங்கவில்லை என்றால் அந்த வீடு ஊரில் இல்லை என்று அர்த்தம். நல்லதுக்கு அழைக்க மாட்டார்கள். கெட்டதுக்கு வர மாட்டார்கள். பிள்ளை குட்டி இல்லாத ஐம்பது வயதுத் தம்பதிக்கு அதன் பொருள் வெளிப்படையானது: நாளைக்கு ஒருவர் செத்தால், தூக்குவதற்கு மற்றவர் மட்டும்தான்.

அர்த்தநாரி அன்றிரவு சாப்பிடவில்லை. "வித்துப்போடலாமா, அம்முணி?" என்றார்.

"எதையுங்க?"

"படகைத்தான்."

"நான் ஊரைச் சொல்றீங்களாக்குமுன்னு நெனச்சேன்" என்றாள்.

மறுநாள் காலையில் இருவரும் கவுண்டர் வீட்டு வாசலில் போய் நின்றார்கள். சின்னுசாமி, அர்த்தநாரிக்குப் பெரியப்பா மகன். அறுபது வயது, நல்ல கனம், கையில் எப்போதும் ஒரு குடை.

"அர்த்தநாரி, உன்ற மேல எனக்கென்ன கோவம்" என்று ஆரம்பித்தார். "ஊட்டுக்குள்ள நீ எப்படி வேணாலும் இரு. ஆத்துல ஊரே பாக்கறப்ப பொம்பளை முன்னால உக்காந்து போறா, நீ பின்னால பொகையைக் குடிச்சுக்கிட்டு வாறே. நாளைக்கு எங்கூட்டுப் பொம்பளைகளும் கேட்டா என்ன பண்றது?"

"உங்கூட்டு அக்கா போன மாசமே கேட்டுட்டாங்க மாமா" என்றாள் ஆத்தாயி. "எடமில்லைன்னு நாந்தான் சொல்லிப்போட்டேன்."

உள்ளே ஒரு பாத்திரம் விழுந்த சத்தம் கேட்டது.

கவுண்டர் குடையை ஒரு கையிலிருந்து இன்னொரு கைக்கு மாற்றினார். "பொம்பளை பின்னால வாறதுதான் நம்ம மொறை."

"திருச்செங்கோட்டு மலையில சாமி பாதிப் பொம்பளையாத்தான் நிக்குது. அதுல முன்னால யாரு, பின்னால யாருங்க மாமா?"

"சாமி நாயம் வேற, படகு நாயம் வேற. இனிமேல் நீ பின்னால உக்காரோணும். இல்லாட்டிப் படகை வித்துப்போடோணும். ரெண்டும் இல்லீன்னா வரி இல்லை."

ஆத்தாயி கொஞ்ச நேரம் தரையைப் பார்த்தாள். அவள் பணிந்துவிட்டாள் என்று அர்த்தநாரி நினைத்தார். கவுண்டரும் நினைத்தார்.

"பின்னாலயே உக்கார்றனுங்க. ஆனா இவிய இஞ்சினை உட்டு நகர முடியாது. முன்னால உக்கார ஒரு ஆம்பளை வேணுமுங்களே. ஊர்லயே பெரிய ஆம்பளை நீங்கதானுங்க மாமா. ஒருக்கா வந்து எப்படி உக்கார்றதுன்னு காட்டிக் குடுத்துப்போடுங்க."

கேட்ட இடத்தில் ஏழெட்டுப் பேர் நின்றுகொண்டிருந்தார்கள். மாட்டேன் என்று சொல்ல வழியில்லை.

சந்தை நாளன்று காலை கவுண்டர் குடையோடு வந்து படகின் முன்பக்கம் உட்கார்ந்தார். பின்னால் இஞ்சினுக்கு இந்தப் பக்கம் அர்த்தநாரி, அந்தப் பக்கம் ஆத்தாயி. கயிறு இரண்டையும் அவள் கவுண்டரிடம் நீட்டி, எதை இழுத்தால் எந்தப் பக்கம் போகும் என்று சொல்ல வாயெடுத்தாள்.

"நான் வண்டி ஓட்டாததா? நீ பேசாம உக்காரு."

உண்மையில் நன்றாகத்தான் ஓட்டினார். இடது என்றால் இடது, வலது என்றால் வலது. இரண்டு பர்லாங்கு போனதும் மீசைக்குள் ஒரு சிரிப்பு வந்ததைக் கரையில் நின்றவர்களே பார்த்திருக்கிறார்கள். குடையை மடக்கிக் கீழே வைத்தார். சும்மா போவது என்பது என்னவென்று, அந்தக் கால் மணி நேரத்துக்கு அவருக்கும் தெரிந்திருக்கும்.

அப்புறம் எதிரே பாறை வந்தது.

இந்தப் பக்கமோ அந்தப் பக்கமோ விலக ஏராளமான இடம் இருந்தது. ஆனால் நாற்பது வருடம் மாடு ஓட்டிய கை அது. எதிரே தடங்கல் கண்டதும் இரண்டு கயிற்றையும் சேர்த்து மார்போடு இழுத்து, "ஹோ, ஹோ" என்றார். எந்த மாடும் அதற்கு நின்றுவிடும். இரண்டு பக்கமும் சமமாக இழுபட்ட சுக்கான் நூல் பிடித்த மாதிரி நேராக நின்றது. படகும் நேராகப் போயிற்று.

"ஒரு கயித்தை உடுங்க மாமா" என்றாள் ஆத்தாயி பின்னாலிருந்து.

அவர் இன்னும் பலமாக இழுத்தார். "ஹோ" என்றார். படகு பாறைமேல் ஏறி நின்றது. முன்பலகையில் ஒரு விரிசல் விழுந்தது.

படகு முழுகப் போகிறது என்று முடிவுகட்டிய கவுண்டர், யாரும் சொல்லாமல் தானாகவே பாறைமேல் இறங்கினார். பாசி வழுக்கியது. இடுப்பளவுத் தண்ணீரில், வேட்டி காற்றுக்கு உப்பி நிற்க, கம்பீரமாக உட்கார்ந்தார். தள்ளியது, உதைத்தது, மூழ்கியது எல்லாம் இதுதான்.

அவர் பாரம் இறங்கியதும் முன்பக்கம் லேசாகிவிட்டது. அர்த்தநாரி மூங்கில் கழியால் ஊன்றித் தள்ள, படகு பின்னால் வழுக்கித் தண்ணீருக்கு வந்தது. ஆத்தாயி முன்னால் வந்து தன் முந்தானையில் ஒரு முழம் கிழித்து விரிசலில் திணித்தாள். கயிற்றைக் கையில் எடுத்தாள்.

கவுண்டர் கரையைப் பார்த்தார். பரிசல்காரர் மயில்சாமி அக்கரையில் இருந்தார். கையைக் குவித்துக்கொண்டு அங்கிருந்தே கூப்பிட்டார். "கவுண்டரே, சனத்தை எறக்கிப்போட்டு வாரேன். ஒரு மணி நேரம் அப்படியே குளிங்க."

"ஏறுங்க மாமா" என்றாள் ஆத்தாயி.

அவர் முன்பக்கம் காலை வைத்தார். விரிசல் தண்ணீருக்குள் போயிற்று. துணியைத் தாண்டிக்கொண்டு தண்ணீர் உள்ளே வந்தது.

"பின்னால."

"நான் முன்னாலயே உக்கார்றேன்."

"உக்காருங்க. எங்க ரெண்டு பேருக்கும் நீச்சத் தெரியும்."

கரையில் எண்பது பேரும் எக்கிப் பார்த்தார்கள். கவுண்டர் படகின் ஓரத்தைப் பிடித்துக்கொண்டே நடந்து, பின்பக்கமாக ஏறி, அர்த்தநாரிக்குப் பக்கத்தில் புகைக்கு நேரே உட்கார்ந்தார். படகு மூக்கைக் கொஞ்சம் தூக்கியது. விரிசல் தண்ணீருக்கு மேலே வந்தது. ஆத்தாயி இடது கயிற்றை இழுத்தாள். துறைக்கு வரும்வரை ஒரு தரம்கூட அவள் திரும்பிப் பார்க்கவில்லை. கவுண்டர் பார்த்தது முழுக்க அவள் முதுகைத்தான்.

மூன்றாம் நாள் அவளே ஒன்றேகால் ரூபாயை எடுத்துக்கொண்டு போனாள். கவுண்டர் வாசல் வேப்பமரத்தில் எதையோ தேடுவதுபோல மேலே பார்த்தபடி, உள்ளே இருந்த மனைவியிடம், "வாங்கிக்க" என்றார். அந்த வருடம் நோம்பி மேளம் அர்த்தநாரி வாசலிலும் நின்று கொட்டிவிட்டுப் போயிற்று. ஆத்தாயி தொடர்ந்து முன்னால்தான் உட்கார்ந்தாள். சண்டைக் காலத்தில் சீமெண்ணெய் கிடைக்காமல் இஞ்சின் வாயை மூடிக்கொண்டபோது அர்த்தநாரி பின்னால் நின்று கழி ஊன்றினார். அவள் இடம் மாறவில்லை. இப்போது எங்கே போகிறீர்கள் என்று யாரும் கேட்பதில்லை.

ஒன்றுதான் இழுபறியில் இருக்கிறது. உடைந்த முன்பலகையை மாற்றிக் கொடுத்த சடையன் ஆசாரிக்குக் கூலி மூன்று ரூபாய். அவர் முதலில் கவுண்டரிடம் போனார். "படகு அவியளுது" என்றார் கவுண்டர். ஆத்தாயியிடம் வந்தார். "ஓட்டுனது யாரோ, அவியகிட்ட வாங்கிக்குங்க" என்றாள். கவுண்டர் கொடுத்தால், தாம் ஓட்டி உடைத்ததாக ஒப்புக்கொண்டதாகும். ஆத்தாயி கொடுத்தால், அன்றைக்கு முன்னால் உட்கார்ந்து பாறையில் ஏற்றியது அவள் என்று ஊர் எழுதிவைத்துவிடும். ஒருநாள் அர்த்தநாரி சந்தடியில்லாமல் சடையன் கையில் பணத்தை வைக்கப்போனார். ஆத்தாயி பார்த்துவிட்டாள்.

"உங்களுக்கு இந்த மூணு ரூவா பெருசில்லீங்க" என்றாள். "எனக்குப் பெருசு."

அவர் பணத்தை மடியில் திரும்பச் செருகிக்கொண்டார். சடையன் ஆசாரி வருடத்துக்கு ஒருமுறை இரண்டு வாசலுக்கும் போய் வருகிறார். இரண்டு வாசலிலும் மோர் கொடுக்கிறார்கள்.