பலகை பிடித்த கைகள்

காஜா அக்காவுக்குப் பிறவியிலேயே காது கேட்காது. தையல் பட்டறையில் சட்டைகளுக்குக் காஜா எடுப்பது, அதாவது பொத்தான் துளை தைப்பது, அவள் வேலை. மெஷின்கள் போடும் சத்தத்தில் காது கேட்பவர்கள் கத்திக் கத்தித் தொண்டை கட்டிப்போய் நிற்பார்கள். அவளோ எதிர்க் கோடியில் இருக்கும் காது கேளாத தோழியிடம் கையாலேயே ஊர்க்கதை முழுவதும் பேசி முடித்துவிடுவாள். மேஸ்திரியின் புது மீசையைப் பற்றி அவர்கள் பேசாத பேச்சில்லை. பாவம், அவருக்கு இன்றுவரை தெரியாது.

வீட்டுக்கு வந்தால் அந்தக் கைகள் அடங்கிவிடும். சின்ன வயதில் பள்ளிக்கூடத்தில் சொல்லியிருந்தார்கள், கையை ஆட்ட விட்டால் பிள்ளைக்கு வாய்ப்பேச்சே வராது என்று. அம்மா அதை அப்படியே நம்பினாள். மகளின் இரண்டு கைகளையும் தன் மடியில் அழுத்திப் பிடித்துக்கொண்டு, "பேசு" என்பாள். உதட்டைப் பார்த்து அவள் படித்த முதல் சொல் அதுதான். இத்தனை பாடுபட்டும் வாயில் வந்தது என்னவோ நாலைந்து சொல். அம்மாவைக் குறை சொல்லவும் மனம் வரவில்லை. தன் பிள்ளை நாலு பேர் மாதிரி பேச வேண்டும் என்று எந்தத் தாய்தான் ஆசைப்பட மாட்டாள்?

மகளுக்கும் ஓர் ஆசை இருந்தது. அவள் மோவாயில் ஒரு மச்சம். தோழிகள் அவளைப் பற்றிப் பேசும்போது தங்கள் மோவாயில் விரலால் இரண்டு தட்டுத் தட்டுவார்கள். அதுதான் அவர்கள் வைத்த கைப்பெயர். ஒரே ஒரு தடவை அம்மா அந்தப் பெயரால் கூப்பிட மாட்டாளா என்று அவள் ஏங்கினாள். அம்மா காய் நறுக்கும்போதும் துணி மடிக்கும்போதும் அந்த விரல்களையே மகள் பார்த்துக்கொண்டிருப்பாள். எவ்வளவு சுறுசுறுப்பான விரல்கள்! அவளிடம் மட்டும் அவை ஒன்றுமே சொன்னதில்லை.

காது கேளாத பிள்ளைகளுக்குக் கைமொழியிலேயே பாடம் நடத்த வேண்டும் என்று காது கேளாதோர் சங்கம் ஊர்வலம் போக முடிவு செய்தது. முன்னால் நிற்க ஒப்புக்கொண்டவள் காஜா அக்கா. வீட்டில் ஒரே ரகளை. "ஊரே பாக்க கைய ஆட்டிக்கிட்டு நிக்கப் போறியா?" என்றாள் அம்மா. திட்டு மட்டும் உதட்டில் எப்போதும் தெளிவாகத்தான் வரும்.

ஊர்வலம் என்றால் கோரிக்கை எழுதிய பலகை வேண்டாமா? காலையில்தான் பெயின்ட் அடித்து, ஆளுக்கொன்றாக இரண்டு கையாலும் தூக்கிக்கொண்டு புறப்பட்டார்கள். கல்வி அலுவலக வாசலில் போய் நின்ற பிறகுதான் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். எல்லார் கையிலும் பலகை. பேச ஒருவருக்கும் கை இல்லை. தங்கள் வாய்க்குத் தாங்களே பூட்டுப் போட்டுக்கொண்டு கோஷம் போட வந்த கூட்டம் உலகத்தில் அது ஒன்றுதான். கீழே வைக்கலாம் என்றால் மழை பெய்து தரையெல்லாம் சேறு. ஈர எழுத்து ஒன்றும் மிஞ்சாது.

அதிகாரி படியில் வந்து நின்றார். உங்களில் யார் பேசப் போகிறீர்கள் என்று அவர் கேட்டதை, கூட வந்திருந்த மொழிபெயர்ப்பாளர் பெண் கையால் சொன்னாள். எல்லாக் கண்களும் காஜா அக்காவிடம் திரும்பின. பலகையைச் சாய்த்து வைக்க இடம் தேடி அவள் தவித்தாள்.

"பேச ஆளில்லையா? அப்ப நான் கிளம்புறேன்" என்று அதிகாரி திரும்பினார்.

யாரோ பக்கத்திலிருந்து பலகையைப் பிடித்து இழுத்தார்கள். அம்மா! மகளை வீட்டுக்கு இழுத்துப் போகவென்று பின்னாலேயே வந்தவள், காலெல்லாம் சேறு. இன்றைக்குமா என்று காஜா அக்கா பலகையை விடாமல் பிடித்தாள். அம்மா மகளின் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்தாள். பலகையை வாங்கித் தானே நிமிர்த்திப் பிடித்துக்கொண்டாள். தோளில் பெயின்ட் அப்பியது.

"பேசு" என்றாள்.

அதே சொல்தான். காஜா அக்காவுக்குக் கண் மறைத்தது. துடைத்துக்கொண்டு இரண்டு கைகளையும் உயர்த்தினாள். மொழிபெயர்ப்பாளர் பெண் அதைச் சத்தமாக வாயால் சொன்னதும் அதிகாரி நின்றார்.

பேசிக்கொண்டே அவள் ஓரக்கண்ணால் பார்த்தாள். அம்மாவுக்கு ஒன்றும் புரிந்திருக்காது, மகளின் கைப்பெயர்கூடத் தெரியாதவள். ஆனாலும் அன்றைக்குத்தான் முதல் தடவையாக, மகளின் வாயைப் பார்க்காமல் கையைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.