புல்லுக்குள் முளைத்த வேலமுள்

மாசி மாசத்துல ஒரு நாள் காலையில எங்க பனியன் கம்பெனியில வேலை செய்யறவங்க கொழந்தைகளை விடற கிரெச்சுல ஒரு வாண்டு வீல்னு கத்துச்சு. ஓடிப்போய்ப் பார்த்தா, கால்ல முள். கம்பெனிக்கு முன்னாடி இருக்கற லான்லதான் அதுக வெறுங்காலோட விளையாடும். அந்த லானைப் பார்த்துக்கறது என் வேலை. என் புல்லுல முள்ளா? எனக்கு வந்த கோபம் கொஞ்சநஞ்சமில்லை.

குனிஞ்சு பார்த்தேன். அட கடவுளே! புல்லுக்கு நடுவுல அங்கங்கே வேலாங்கன்று. புல் வெட்டற மெஷின்ல அறுபட்ட அடிக்கட்டை ஊசி மாதிரி நிக்குது.

எப்படி வந்துச்சுன்னு யோசிக்கவே வேண்டாம். பனி குறையற சமயத்துல புல்லுக்கு எரு போடுவோம். முதலாளிக்குக் குண்டடம் பக்கம் மேய்ச்சல் காடு இருக்கு. "நம்ம ஆட்டெரு மாதிரி வருமா?"ன்னு தை மாசம் ஒரு டெம்போ நிறையக் கொண்டாந்து இறக்கிட்டார். "மக்கட்டுங்க சார்"னேன். "காட்டுக்கு அப்படியேதானம்மா போடறோம்"னுட்டார். காட்டுக்குச் சரி. அங்க ஆடுக தின்னது பூரா வேலங்காய். கொட்டை முழுசா புழுக்கையோட வந்து, நான் விட்ட தண்ணியில ஜோரா முளைச்சிருச்சு.

முதலாளி வந்து பார்த்தார். "ஏம்மா செல்வி, கொழந்தைக காலுதான் முக்கியம். புல்லை எடுத்துட்டு பேவர் பிளாக் போட்றலாம். திங்கக்கெழமை ஆள் வருவாங்க."

கல்லு மேல அதுக எப்படி உருண்டு புரளும்? "சனிக்கிழமை வரைக்கும் விடுங்க சார்"னு கெஞ்சினேன்.

மேலாப்புல வெட்டினா மறுபடி தழையும். வேரோட வரணும். மண்ணை நல்லா நனைச்சு விட்டுட்டு, செக்கிங் செக்‌ஷன் மல்லிகாக்காகிட்ட போய் நின்னேன். துணியில ஊசி ஓட்டையைக்கூட விடாத கண்ணு அந்த செக்‌ஷனுக்கு. டீ டைம்ல எல்லாரும் வந்துட்டாங்க. வேஸ்ட் நூலைக் கட்டி லானைப் பாத்தி பாத்தியாப் பிரிச்சு, பீஸ் பார்க்கற மாதிரியே வரிசையாத் தேடினாங்க. துணியில டேமேஜ் இருக்கற எடத்துல ஒட்டற அம்புக்குறி ஸ்டிக்கரைக் குச்சியில ஒட்டி, முளை இருந்த இடத்துல எல்லாம் நட்டாங்க. பின்னாடியே நான் களைக்கொத்தியோட தோண்டிப் பிடுங்கிட்டு வந்தேன்.

"ஏம்புள்ள, உன்ற லானு ரிஜெக்ட் லாட்டு!"ன்னு மல்லிகாக்கா சிரிச்சாங்க.

"ஆல்டர் பண்ணித் தர்றேன், இருங்க்கா"ன்னேன்.

வெள்ளிக்கிழமை வரைக்கும் டீ டைம் பூரா இதே வேலைதான்.

சனிக்கிழமை முதலாளி வந்ததும், "செருப்பைக் கழட்டிட்டு நடந்து பாருங்க சார்"னேன். நடந்தார். அவர் ஒவ்வொரு அடி வைக்கும்போதும் நான் அவர் காலையே பார்த்துட்டுப் பக்கத்துல நடந்தேன். பாதி தூரத்துல கிரெச்சுக் கூட்டம் அவர் பின்னாடியே ஓடுச்சு. ஒண்ணு வேட்டியைப் பிடிச்சு இழுத்துச்சு. அந்தக் கடைசிக்குப் போனவர் அப்படியே புல்லுல உட்கார்ந்துட்டார். "பிளாக்கை லாரி நிக்கற எடத்துல போடச் சொல்லிரு"ன்னார். எனக்குச் சந்தோஷத்துல அழுகையே வந்துருச்சு.

புதுசா இந்த வேலைக்கு வர்றவங்களுக்கு நான் சொல்றது இதுதான். பச்சை எருவை லானுக்குள்ள விடாதீங்க. குழியில போட்டு, தண்ணி விட்டுப் புரட்டி, நல்லா மக்கினப்புறம் போடுங்க. களை ரெண்டு இலை விடும்போதே பிடுங்கிருங்க.

இப்ப கம்பெனிக்கு யார் வந்தாலும் முதலாளி லானுக்குக் கூட்டிட்டு வந்து, "ஆட்டெருவை மக்க வெக்காமப் போடவே கூடாதுங்க, தெரியுங்களா?"ன்னு பாடம் எடுக்கறார். நானும் பக்கத்துல நின்னு, "ஆமாங்க சார்"ங்கறேன்.