கனகாக்கா கொடுத்த வீட்டு எண்

எங்கள் பள்ளியின் கம்ப்யூட்டர் அறையைப் பதினான்கு வருடமாகக் கட்டி மேய்க்கிறவர் கனகாக்கா. காப்பி எஸ்டேட்டில் தொழிலாளர்களுக்கு வரிசையாகக் கட்டிய லைன் வீட்டில் பிறந்தவர். இன்டர்நெட்டுக்குள் யார் போகலாம், யார் கூடாது என்று காவல் காக்கும் ப்ராக்ஸி அவர் கையில். ஒவ்வொரு கம்ப்யூட்டருக்கும் உள்ள ஐபி முகவரியை அவர் விளக்கினால் கணக்கு வாத்தியாரான எனக்கே பொறாமையாக இருக்கும். அதன் நாலு எண்களில் முதல் மூன்று லைனின் பெயர், கடைசி எண் வீட்டு எண், அவ்வளவுதான். 127 வரை கம்ப்யூட்டர் அறைக்கு, அதற்கு மேல் ஹாஸ்டல் போன்களுக்கு. ப்ராக்ஸி விதியில், எத்தனை வீடுகளுக்குக் கதவு என்று அளக்கும் நெட்மாஸ்கை 255.255.255.128 என்று போட்டு, கீழ்ப்பாதிக்கு மட்டும் கதவைத் திறந்து வைத்திருந்தார்.

ஒரு கிறுக்குத்தனமும் உண்டு. அவர் பிறந்த லைனில் ஒருவர் இறந்த வீட்டில் சட்டென்று புது ஆளைக் குடிவைக்க மாட்டார்கள். அக்கா அதைக் கம்ப்யூட்டருக்கும் கொண்டுவந்துவிட்டார். மலையில் இடி விழாத வருடம் ஏது? இடியில் ஒரு கம்ப்யூட்டர் போனால் அதன் எண்ணும் போச்சு, புதியதற்கு அடுத்த எண். இப்படி எண்களை வாரி இறைக்காதீர்கள் என்று தலைபாடாக அடித்துக்கொண்டேன். கேட்டால்தானே.

போன மே மாதம் விழுந்த இடியில் கம்ப்யூட்டர்கள் மொத்தமும் படுத்து, சேலத்துக்கு ரிப்பேருக்குப் போயின. அக்கா ஒரே ஒரு புதுப் பெட்டியைப் பிரித்து மாட்டினார். அன்று மாலை ஐந்து மணியோடு அங்கன்வாடி வேலைக்கு இன்டர்நெட்டில் விண்ணப்பிக்கும் நேரம் முடிகிறது. எங்கள் சமையலறையில் வேலை செய்யும் மஞ்சக்குட்டை ஊர்க்காரி சிவசக்திக்கு அடுத்த வருடம் வயது வரம்பு தாண்டிவிடும். செல்போன் டவரும் இல்லை, ஒண்டிக்கடை முக்கில் இருக்கும் பிரௌசிங் சென்டர்களில் கரண்டும் இல்லை. எங்களிடம்தான் ஜெனரேட்டர் இருந்தது. சான்றிதழ்களோடு வந்து உட்கார்ந்தவளிடம் ‘அனுமதி இல்லை’ என்றது திரை. மணி நாலே கால்.

அக்கா கேபிளை ஆட்டினார், பெட்டியைத் தட்டினார். நான்தான் எண்ணைப் பார்த்தேன்: 128. பதினான்கு வருட இடியில் 127 வரை எல்லாம் தீர்ந்துபோய், ஒரு வீடு தள்ளி ஹாஸ்டல் லைனில் போய் உட்கார்ந்திருந்தது. சிவசக்தியின் முகம் சுண்டிப்போனதைப் பார்த்து எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. செத்துப்போன ஏதாவது ஒன்றின் எண்ணைக் கொடுங்கள் என்று கத்தினேன்.

“அந்தப் புள்ள புதுசா பொழைக்கப் போகுதுங்க சார். செத்த ஊட்டுலயா உக்கார வெக்கறது?”

நெட்மாஸ்கை அகட்டினால் ஹாஸ்டல் முழுக்க உள்ளே புகுந்துவிடும். அக்கா கொஞ்சம் யோசித்துவிட்டு இன்னொரு விதியைத் தட்டினார். எண் 128, நெட்மாஸ்க் 255.255.255.255. அந்த ஒரு வீட்டுக்கு மட்டும் அனுமதி. நாலு ஐம்பத்தொன்றுக்கு விண்ணப்பம் போய்ச் சேர்ந்தது. என் கோபம் போன இடம் தெரியவில்லை.

சிவசக்திக்கு வேலை கிடைத்துவிட்டது. ஐப்பசி இடியில் அந்தப் புதுப் பெட்டியும் போய்விட்டது. இனி 128-க்கான விதி வீண்தானே, அழித்துவிடலாமே என்றேன். அக்கா மாட்டேன் என்று தலையை ஆட்டியபடி அடுத்த பெட்டியைப் பிரித்து, அதற்கும் 128 என்றே எண் கொடுத்தார். செத்ததன் எண்ணையா கொடுக்கிறீர்கள் என்றேன்.

“இது செத்த ஊடு இல்லைங்க சார். சிவசக்தி பொழைச்ச ஊடு.”