உலர்தோல்

அகல்யாவுக்கு ராஜகோபால் மேல் மூண்ட ஆத்திரம் ஒரு நாளில் வந்ததல்ல. லோதி ரோட்டில் ஓர் அரசு அலுவலகத்தின் கலைச்சொல் பிரிவில் அவர் அதிகாரி, அவள் உதவியாளர். மூன்று வருஷமாக எழுதுவது அவள். பெயர் போட்டுக்கொள்வது அவர்.

தொண்ணூற்றேழில் தோல் தொழில் சொற்களுக்கு முறை வந்தது. அகல்யா ராணிப்பேட்டைக்காரி. அப்பா தோல் பதனிடும் டேனரியில் சுண்ணாம்புத் தொட்டிக்குள் நின்று நின்று கால் வெந்துபோனவர். அவரிடம் கடிதத்தில் கேட்டுக் கேட்டு நாற்பது பக்கம் எழுதினாள். அதையும் தன் பெயரில் அனுப்பிவிட்டு, பிரிவே கேட்கச் சிரித்தார் ராஜகோபால்.

"தோல் நாத்தம் அகல்யாவுக்குப் பழகினதுதானே. எழுத என்ன கஷ்டம்?"

அவள் பல்லைக் கடித்துக்கொண்டு காத்திருந்தாள்.

அடுத்த மாதக் கருத்தரங்கில் 'லெதர்' என்ற சொல்லின் பிறப்பைப் பற்றி அவர் பேசுவதாக ஏற்பாடு. அவளிடம் கேட்கமாட்டார், அவள் சாப்பிடப் போகும் நேரம் பார்த்து இழுப்பறையைத் திறப்பார். அகல்யா உண்மையான குறிப்பை வீட்டில் வைத்துவிட்டு, இழுப்பறையில் வேறொன்றை வைத்தாள். தமிழ் 'உலர்தோல்' கப்பலேறிப் போய், 'லர்தோல்' என்று தேய்ந்து, 'லெதர்' ஆயிற்றாம். நம்பும்படி ஒரு கல்வெட்டையும் கற்பனையாகச் சேர்த்தாள்.

மறுநாள் அந்தத் தாள் காணாமல் போயிருந்தது.

ராஜகோபால் மேடையில் முழங்கினார். கைதட்டல் ஓய்ந்ததும் பேராசிரியர் விஜயலக்ஷ்மி எழுந்தார். "அந்தக் கல்வெட்டு எந்த ஊர்ல இருக்கு?"

ராஜகோபால் தாளைப் புரட்டினார். தண்ணீர் குடித்தார். கடைசி வரிசையிலிருந்து அகல்யா எழுந்தாள்.

"அப்படி ஒரு கல்வெட்டே இல்லைங்க மேடம். லெதர் ஜெர்மானியக் குடும்பத்துச் சொல். ஜெர்மன்ல லேடர், டச்சுல லேர். உரிச்ச தோல் அழுகிப்போயிடும். பதனிட்டாத்தான் அது லெதர். நம்ம தோலுக்கு உறவு மலையாளத் தொலி. இந்தியில சமடான்னு சொல்றது சம்ஸ்கிருத சர்மத்துலேர்ந்து வந்தது. எங்கேயிருந்தும் எதுவும் கப்பல் ஏறலை."

அரங்கமே சிரித்தது.

சாயங்காலம் அவள் மேசைக்கு வந்தார் ராஜகோபால். "ஏம்மா, வேணும்னுதானே பண்ணினே?"

"என் இழுப்பறையில இருந்தது என் பேப்பர் சார். உங்க கைக்கு எப்படி வந்துச்சு?"

அவரால் புகார் கொடுக்க முடியவில்லை. கொடுத்தால் இழுப்பறையைத் திறந்ததையும் சொல்ல வேண்டும். ஆனால் இரண்டே மாதத்தில் அகல்யாவைத் தபால் பிரிவுக்குத் தூக்கியடித்தார்கள். யார் வேலை என்று அவளுக்குத் தெரியும். கவர்களுக்குக் கோந்து தடவும்போதெல்லாம், மேடையில் அவர் முகம் வெளுத்ததை நினைத்து நினைத்து ருசிப்பாள். அது அலுக்கவே இல்லை.